சும்மா ரசிகன்

எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் பிடிக்கும் என்று சொன்னால், இந்த ஊரில் இரண்டு விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அது நம் காற்பந்து இல்லை, கையில் முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு ஓடும் விளையாட்டு என்பது முதல் விளக்கம். அதே பெயரில் ஒரு பேண்டும் இருக்கிறது, எனக்கு அதுவும் பிடிக்கும் என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு வருவதற்குள் எதிரில் இருப்பவரின் தே தாரேக் முடிந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் நான் அப்படிப் பலரை இழந்திருக்கிறேன்.

எதற்கும் நான் தீவிர ரசிகன் கிடையாது. என்னிடம் ஜெர்சி இல்லை. பழைய புள்ளிவிவரம் கேட்டால் முழிப்பேன். அந்த பேண்டின் எல்லாப் பாட்டுக்கும் வரிகள் தெரியாது. சும்மா ரசிகன். டிவியில் வந்தால் பார்ப்பேன், காதில் விழுந்தால் கேட்பேன், வேறு வேலை வந்தால் எழுந்து போவேன். ரொம்ப நாளாக இதை ஒரு சௌகரியமான பதவி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சந்தா கிடையாது, கடமை கிடையாது, தோற்றால் அழவும் வேண்டாம். அந்த சௌகரியத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது 2017-இல்.

முதலில் பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வீடு கிள்ளானில். அப்பா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வீட்டில் இரண்டு வகைக் கேசட்டுகள் இருந்தன. ஒன்று இளையராஜா. இன்னொன்று அலிகேட்ஸ். பினாங்கிலிருந்து வந்த லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள். பெரிய சுருட்டை முடியோடு மேடையில் நின்று மலாயில் பாடி நாட்டையே ஆட வைத்தவர்கள். லோகநாதன் 2007-இல் இறந்தபோது அப்பா வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னார். காய்ச்சல் இல்லை.

நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தபோது வந்தது வேறொரு அலை. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ ஆல்பம். அந்த வருஷம் பள்ளி வேனில் ஏறினால் அதுதான் ஓடும், இறங்கி நடந்தால் எதிரே வரும் காரிலும் அதுதான் ஓடும். அதற்கு முன்பே, 1998-இல், பொயட்டிக் அம்மோவில் இருந்தபோது ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று நான்கு மொழியில் ராப் செய்த கூட்டம் அது. நம்ம ஊர்ப் பையன்கள் சினிமாவின் கதவைத் தட்டாமல் தாங்களாகவே ஒரு ஆல்பம் போட்டார்கள். அடுத்த வருஷமே ‘பொல்லாதவன்’ படத்துக்காக சென்னை சினிமா யோகி பியைக் கூப்பிட்டது. என் வகுப்பில் அதற்குப் பிறகு எல்லோரும் ராப்பர்கள்தான். மதிய இடைவேளையில் மேசையைத் தட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள்.

நான் தட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. எனக்கு கிட்டார் சத்தம் பிடித்திருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை. ஆறாம் படிவத்தில் ஒருவன் கிடைத்தான். அவனை இங்கே மச்சான் என்றே எழுதுகிறேன். பெயர் போட்டால் கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான். பட்டர்ஃபிங்கர்ஸ், ஹுஜான் என்று மலாய் பேண்டுகளில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தவன் அவன். ஒரு நாள் பெண்டிரைவ் ஒன்றைக் கையில் திணித்து, “ராத்திரி கேளு. பகல்ல கேட்டா புரியாது” என்றான்.

அதில் இருந்ததுதான் அமெரிக்கன் ஃபுட்பால். இல்லினாய் மாநிலத்தில் அர்பானா என்ற கல்லூரி ஊரில் மூன்று மாணவர்கள் சேர்ந்து நடத்திய பேண்ட். 1999-இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். அது வந்த கையோடு பேண்ட் கலைந்துவிட்டது. அட்டையில் இரவில் ஒரு சாதாரண வெள்ளை வீடு, மாடி ஜன்னலில் மட்டும் வெளிச்சம். உள்ளே இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு போகும். தாளம் வழக்கமான நாலு எண்ணிக்கைக்குள் அடங்காது. நடுவில் திடீரென்று ஒரு ட்ரம்பெட் வரும், அதுவும் பெருமை அடித்துக்கொள்ளாத ட்ரம்பெட். பாடுகிறவன் பாடகன் மாதிரியே இல்லை. பள்ளி முடிந்து ஆளுக்கு ஒரு திசையில் போகப்போகும் பையன் ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருந்தது. எனக்கும் அப்போது அந்த வயதுதான். எஸ்.டி.பி.எம். முடிந்தால் என்ன என்று தெரியாத வயது.

விளையாட்டு எனக்கு வந்தது இந்த பேண்டின் வழியாகத்தான். அவர்கள் மேடையில் வாசித்த வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று தேடுவேன். பெயரைத் தட்டினால் பாட்டு வராது, ஹெல்மெட் போட்ட தடியர்கள் வருவார்கள். பத்துத் தடவை எரிச்சலோடு மூடினேன். பதினோராவது தடவை, சரி, இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அந்த நாலுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. பந்து வைத்திருப்பவனைக் கீழே தள்ளியவுடன் ஆட்டம் நிற்கும். எல்லோரும் எழுந்து, கூடிப் பேசி, மறுபடி வரிசையில் நிற்பார்கள். கணக்குக்கு அறுபது நிமிடம், முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல். நம்ம கம்யூட்டர் ரயில் மாதிரி. பாடாங் ஜாவாவில் நிற்கும், ஷா ஆலாமில் நிற்கும், பத்து தீகாவில் நிற்கும், காரணமே இல்லாமல் நடுவிலும் நிற்கும். ஆனால் எப்படியோ போய்ச் சேரும். எனக்குப் பிடித்தது அந்த நான்கு வாய்ப்பு விஷயம்தான். மூன்று தடவை விழுந்தவனுக்கும் இன்னொன்று மிச்சம் இருக்கிறது.

அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடக்கும் இறுதியாட்டம், சூப்பர் போல், இங்கே திங்கள் காலை ஏழரைக்கு ஆரம்பிக்கும். ஊர் முழுக்க ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசலில் நிற்கும் நேரம். அதனால் வருஷத்துக்கு ஒரு திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுப்பது என் வழக்கம். ஆபீஸில் காரணம் சொன்னதில்லை. அப்பாவுக்கு எப்படிக் காய்ச்சலோ, எனக்கு அப்படிப் பல்வலி.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவரும் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். முதல் பத்து நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

“இதுல கீப்பர் எங்க தம்பி?”

“இதுல கீப்பர் இல்லப்பா.”

“கீப்பர் இல்லாம என்ன பந்து?” கொஞ்ச நேரம் கழித்து அவரே சமாதானமானார். “சடுகுடு மாதிரிதானே? பாட மட்டும் மாட்டேங்கிறானுங்க.”

அப்பாவுக்கு கீப்பர் என்றால் ஒரே ஒரு ஆள்தான். ஆர். ஆறுமுகம். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்தவர். நீளமான கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று ஊரே கூப்பிட்ட மனிதர். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதியாட்டம். தென்கொரியாவை மலேசியா 2–1 என்று வென்றது. கடைசி நேரத்தில் ஜேம்ஸ் வோங் அடித்த கோல். அப்பாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. கிள்ளானிலிருந்து கூட்டாளிகளோடு பஸ் ஏறிப் போயிருக்கிறார். டிக்கெட் வாங்கிய கதை, பஸ் தவறவிட்ட கதை, ராத்திரி பாதி தூரம் நடந்த கதை எல்லாம் எனக்கு மனப்பாடம். ஜெயித்த அணி கடைசியில் மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் போனதைக் கண்டித்துப் பல நாடுகள் விலகியபோது மலேசியாவும் விலகியது. ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் இறந்துபோனார். 2016-இல் இந்தக் கதையை ஒட்டி ‘ஓலா போலா’ படம் வந்தபோது அப்பாவைக் கூட்டிப் போனேன். வெளியே வரும்போது, “அப்ப அந்த ஆட்டம் வீணாப் போச்சுல்லப்பா?” என்று கேட்டேன்.

அப்பா நின்றுவிட்டார். “ஏன் வீணாப் போச்சு? நான்தான் பாத்தேனே!”

அப்போது அதை வயசானவர்களின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் மச்சான் ஒரு பேண்ட் ஆரம்பித்திருந்தான். நான்கு பேர். எல்லோரும் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம். பேண்டின் பெயர் மூன்று முறை மாறியது, ஒன்றும் ஒட்டவில்லை. தமிழ்ப் பாட்டுதான், ஆனால் ராப் இல்லை, சினிமா மெட்டு இல்லை. அதுதான் சிக்கல். ஆங்கில, மலாய் பேண்டுகள் வாசிக்கும் இடத்தில் போய் நின்றால் மொழி புரியாது. தமிழ்க் கலை நிகழ்ச்சிக்குப் போனால், தம்பி, இரண்டு படப் பாட்டு போடுங்களேன் என்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சந்தில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

பயிற்சிக்கு ஸ்டூடியோ எடுத்தால் மணிக்கு இத்தனை வெள்ளி என்று கொடுக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டுக் கார் நிறுத்தும் போர்ச்சில் பயிற்சி. அப்பாவிடம் நான்தான் கேட்டேன். “ஒம்பது மணிக்கு மேல சத்தம் வேணாம்” என்று மட்டும் சொன்னார். ஒன்றரை வருஷம், சனிக்கிழமை தவறாமல். நான் சில நாள் நாற்காலி போட்டுக் கேட்பேன். பல நாள் உள்ளே என் அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அர்பானா பேண்டைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இதை எழுதும்போதுதான் அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது. பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் கலைந்துபோன பேண்ட் என் காதில். பத்தடி தள்ளி உயிரோடு ஒரு பேண்ட் போர்ச்சில்.

அவர்கள் பாட்டில் ஒன்று கடைசி கம்யூட்டரைப் பற்றியது. கோலாலம்பூரில் வேலை முடித்துக் கடைசி ரயிலில் கிள்ளான் திரும்புகிறவன் பாடுவது. ஏழு எண்ணிக்கைத் தாளம். ட்ரம்மருக்கு முதலில் பிடிபடவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்த அப்பா, கோயில் பஜனையில் பழகிய பழக்கத்தில், “தகிட தகதிமின்னு எண்ணிக்கடா” என்று தொடையில் தட்டிக் காட்டிவிட்டு உள்ளே போனார். பிடிபட்டுவிட்டது.

மேடை கிடைக்கும்போதெல்லாம் மச்சான் கூப்பிடுவான். நான் மூன்று தடவை போகவில்லை. ஒரு தடவை மழை. ஒரு தடவை சம்பளத்துக்கு முந்திய வாரம். ஒரு தடவை எதுவுமே இல்லை, சோம்பல்தான். “அடுத்த வாட்டி கண்டிப்பா வரேன்டா” என்று சொல்வேன். அவன் கோபித்துக்கொள்ளவே மாட்டான், “சரிலா” என்பான். கோபித்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ.

2017 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவர்களுக்கு ஒன்பது மணிக்கு மேடை. இந்த முறை மச்சான் செய்தி அனுப்பவில்லை, நேரில் வந்தான்.

“நாளைக்கு வந்துரு மச்சான். முக்கியம்.”

“என்ன முக்கியம்?”

“வா, சொல்றேன்.”

மறுநாள் காலை சூப்பர் போல். ஆறரைக்கு எழ வேண்டும். இரவு நிகழ்ச்சிக்குப் போனால் திரும்ப நடுநிசி ஆகும். ஏழு மணிக்கு அப்பா, “போகலியா?” என்று கேட்டார். “காலைல எந்திரிக்கணும்பா” என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செய்திக்குத் திரும்பிவிட்டார்.

ஆட்டம் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கும் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கும். ஹூஸ்டனில். மடிக்கணினியை டிவியில் இணைத்தேன். அப்பா தன் நாற்காலியில். பேட்ரியட்ஸ் பக்கம் டாம் பிரேடி, முப்பத்தொன்பது வயது. அட்லாண்டா அவரைப் பிழிந்து எடுத்தது. அரையாட்டத்தில் 21–3. லேடி காகா வந்து பாடிவிட்டுப் போனார். மூன்றாம் கால்பகுதியில் அட்லாண்டா இன்னும் ஒரு டச்டவுன். 28–3. சூப்பர் போல் வரலாற்றில் அதுவரை யாரும் பத்துப் புள்ளிகளுக்கு மேல் பின்தங்கியிருந்து ஜெயித்ததில்லை. இங்கே இருபத்தைந்து.

ஆபீஸுக்குப் பன்னிரண்டரைக்குள் போனால் போதும். ஆனாலும் இனி இதில் என்ன இருக்கிறது? சீக்கிரம் போய் உட்கார்ந்தால் மேலாளரிடம் நல்ல பெயராவது கிடைக்கும். சட்டையை மாட்டினேன். “முடிஞ்சிருச்சுப்பா. நான் கெளம்புறேன்.”

“இன்னும் மணி ஓடுதே” என்றார் அப்பா.

கிள்ளான் ஸ்டேஷனில் மோட்டாரை நிறுத்திவிட்டு ரயில் ஏறினேன். ஹெட்ஃபோனை மாட்டி அமெரிக்கன் ஃபுட்பால் ஆல்பத்தைப் போட்டேன். பாடாங் ஜாவா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா. ரயில் நின்று நின்று போனது. நான் அமெரிக்கன் ஃபுட்பால் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அமெரிக்கன் ஃபுட்பாலில் நடந்தது இதுதான். பேட்ரியட்ஸ் வரிசையாக 31 புள்ளிகள் எடுத்தது. பிரேடி எறிந்த ஒரு பந்து எதிராளியின் கையில் பட்டுத் தெறித்து, அவன் காலில் பட்டு, புல்லைத் தொட இரண்டு அங்குலம் இருக்கும்போது எடல்மன் மூன்று பேருக்கு நடுவே பாய்ந்து பிடித்தார். 28–28. சூப்பர் போல் வரலாற்றில் முதல்முறையாகக் கூடுதல் நேரம். நாணயம் சுண்டியதில் பேட்ரியட்ஸுக்குப் பந்து. முதல் தடவையிலேயே ஜேம்ஸ் ஒயிட் உள்ளே விழுந்தார். 34–28. அந்தக் காலத்து விதிப்படி அத்தோடு ஆட்டம் முடிந்தது. கூடுதல் நேரத்தில் அட்லாண்டா பந்தைத் தொடவே இல்லை.

கே.எல். சென்ட்ரலில் படி ஏறும்போதுதான் கைப்பேசியைப் பார்த்தேன். ஓரமாக நின்றுவிட்டேன். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அப்பா அதே நாற்காலியில். “வெள்ளச் சட்டைக்காரன் ஜெயிச்சுட்டான் தம்பி.” விதி ஒன்றும் தெரியாத மனிதர் முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். “எப்படிப்பா பார்த்தீங்க?” என்றேன். “மணி முடியாம எந்திரிச்சுப் போற பழக்கம் எனக்கில்ல” என்றார். திட்டவில்லை. சும்மா சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

அன்று இரவு மச்சானுக்கு அடித்தேன். “நேத்து எப்படிப் போச்சு?”

“நல்லாத்தான் போச்சு. ஒம்பது பேரு. அதுல ரெண்டு பேரு சவுண்டு பாக்கறவங்க.”

“முக்கியம்னு சொன்னியே, என்ன?”

“கடைசி ஷோ மச்சான். ட்ரம்மருக்கு சிங்கப்பூர்ல வேலை கெடச்சிருச்சு. பதினஞ்சாம் தேதி போறான். சொல்லிக் கூப்பிட்டா அழுகாச்சியா இருக்கும்னு சொல்லல.”

என்ன சொல்வதென்று தெரியாமல் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 28–3-இல் எழுந்து போனேன் என்று. அவன் ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு சொன்னான், “உனக்கு அப்படித்தான் வேணும்டா.” அவன் கோபமாகச் சொல்லி நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான். அதையும் சிரிப்போடு சொன்னான்.

பேண்ட் முடிந்தது. மேடையில் வாசித்ததை யாரும் முழுதாகப் பதிவு செய்யவில்லை. ஸ்டூடியோவில் எடுத்த மூன்று பாட்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. அந்த ஹார்ட் டிஸ்க் அடுத்த வருஷம் செத்துப்போனது. எனக்கு அனுப்பிய நாற்பது வினாடித் துண்டு ஒன்று என் பழைய கைப்பேசியோடு போயிற்று.

இங்கேதான் அர்பானா பேண்டை நினைத்துக்கொள்வேன். அவர்களும் கலைந்துதான் போனார்கள். ஆனால் அவர்களுக்கு பாலிவினைல் என்ற சின்ன கம்பெனி ஒன்று இருந்தது, அது அந்த ஆல்பத்தைக் கைவிடவில்லை. ஊர் பேர் தெரியாத யாரோ கேட்டுக் கேட்டு இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பெண்டிரைவில் வந்த மாதிரி. பதினைந்து வருஷம் கழித்து, 2014-இல் அவர்கள் மறுபடி மேடை ஏறியபோது நியூயார்க்கில் டிக்கெட் தீர்ந்துபோனது. அட்டையில் இருந்த அந்த வெள்ளை வீட்டின் முன்னால் போய் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். 2023-இல் அந்த வீட்டை இடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பேண்டும் கம்பெனியும் நண்பர்களும் சேர்ந்து வாங்கியே விட்டார்கள். எங்கள் போர்ச்சை யாரும் வாங்க வரமாட்டார்கள். அதில் இப்போது அப்பாவின் மிளகாய்ச் செடிகள் இருக்கின்றன.

‘இண்டி’ என்ற சொல்லை நான் ரொம்ப நாளாக ஒரு சத்தத்தின் பெயர் என்றே நினைத்திருந்தேன். மெல்லிய குரல், சுற்றிச் சுற்றி வரும் கிட்டார், கொஞ்சம் சோகம். 2018 தைப்பூசத்துக்கு முந்திய இரவு பத்துமலையில் அது மாறியது. கூட்டத்தில் ஒரு உறுமி மேளக் குழு வந்துகொண்டிருந்தது. கறுப்பு டீ-சட்டை, முதுகில் குழுவின் பெயர், சுற்றிலும் காவடிகள். நடுவில் உறுமி வாசித்துக்கொண்டு போனது மச்சான். கிட்டார் வாசிக்கும்போது பார்த்திராத முகம் அது. கண் மூடியிருந்தது. அவனுக்குப் பின்னால் நூறு பேராவது ஆடிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து ஆற்றோரம் உட்கார்ந்து பேசினோம். மேளம் சொந்தக் காசு. சட்டை சொந்தக் காசு. வேன் வாடகைக்கு ஆளுக்கு முப்பது வெள்ளி. பயிற்சி ஒரு தாமான் திடலில், போலீஸ் வந்து கலைக்கும்வரை. பாட்டுப் பதிவு செய்தால் அவர்களே குறுந்தட்டு போட்டு அவர்களே விற்பார்கள். மலேசியாவில் முப்பது நாற்பது வருஷமாக உறுமிக் குழுப் பையன்கள் இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். எந்தக் கம்பெனியும் இல்லை, எந்தப் படமும் இல்லை. அதற்கு ‘இண்டி’ என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ரௌடிப் பையன்களின் சத்தம் என்றுதான் எங்கள் வட்டாரத்தில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

“கிட்டார விட்டுட்டியா?” என்று கேட்டேன்.

“விடல. ஆனா இங்க ஆளு வருது மச்சான்” என்றான்.

அவன் எதையும் குத்திக்காட்டிப் பேசுகிறவன் இல்லை. ஆனால் ‘ஆளு வருது’ என்ற அந்த இரண்டு வார்த்தை என்னை விட்டுப் போகவே இல்லை.

சும்மா ரசிகனாக இருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் உயிரைக் கொடுக்க முடியாது. நியூ இங்கிலாந்துக்கு நான் தேவையில்லை. ஹூஸ்டன் அரங்கில் எழுபதாயிரம் பேர் இருந்தார்கள், நான் எழுந்து போனதில் அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை. நஷ்டம் எனக்குத்தான். ஆனால் பெட்டாலிங் ஜெயாவின் அந்த மாடியில் ஏழு பேர் கேட்டார்கள். நான் போயிருந்தால் எட்டு. அங்கே சும்மா ரசிகன் என்று ஒருவன் இருக்க முடியாது. வந்தால் ரசிகன், வராவிட்டால் இல்லை. தூரத்தில் இருப்பதைச் சும்மா ரசிக்கலாம். பக்கத்தில் இருப்பது நாம் சும்மா இருந்தால் இல்லாமல் போய்விடும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு 28–3 தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு நான் பெரிதாக மாறிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். தமிழில் யாராவது சொந்தப் பாட்டு வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போகிறேன். பாதி நன்றாக இருக்காது. முடியும்வரை இருக்கிறேன்.

2024-இல் சூப்பர் போல் எங்களுக்கு பிப்ரவரி 12 அன்று வந்தது. சீனப் புத்தாண்டின் மாற்று விடுமுறை. முதல் தடவையாக நான் யாரிடமும் பல்வலி சொல்ல வேண்டியிருக்கவில்லை. மச்சானை வரச் சொன்னேன். ஐந்து பொட்டலம் நாசி லெமாக்கோடு ஏழு மணிக்கே வந்துவிட்டான். பக்கத்துத் தெருவில் விட்டு விட்டு வெடிச் சத்தம். அப்பா நாற்காலியில். கேன்சஸ் சிட்டியும் சான் பிரான்சிஸ்கோவும். அரையாட்டத்தில் கேன்சஸ் 10–3 என்று பின்தங்கியிருந்தது. “எந்திரிச்சுப் போகணும்னா போயிடு” என்றான் மச்சான். அப்பா சிரித்தார்.

யாரும் எழவில்லை. அந்த ஆட்டமும் கூடுதல் நேரத்துக்குப் போனது. சூப்பர் போலில் அது இரண்டாவது தடவை. இந்த முறை விதி மாறியிருந்தது, இரண்டு அணிக்கும் ஒரு தடவையாவது பந்து கிடைக்கும். கடிகாரத்தில் மூன்று வினாடி மிச்சமிருக்கும்போது கேன்சஸ் உள்ளே போனது. 25–22.

கத்தி முடித்த பிறகு கொஞ்ச நேரம் அமைதி. மச்சான் மேசையில் விரலால் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். உறுமிக்காரர்களுக்கு விரல் சும்மா இருக்காது. அப்பா கவனித்துவிட்டுச் சொன்னார், “அது அந்தக் கடைசி ரயில் பாட்டுதானே?”

மச்சானின் கை நின்றது. “உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?”

“ஒன்றர வருஷம் என் போர்ச்லதானே அடிச்சீங்க. நான் எங்க போறது?” என்றவர், தொடையில் தகிட தகதிமி போட்டுக்கொண்டு முனக ஆரம்பித்தார். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் சுருதி விலகியது. மச்சான் மெதுவாகச் சேர்ந்துகொண்டு இழுத்துப் பிடித்தான். நான் கைப்பேசியை எடுத்துப் பதிவை அழுத்தி மேசை நடுவில் வைத்தேன்.

மூன்றாவது வரி அவர்கள் இருவருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும் இல்லை. நான் அப்போது உள்ளே ஹெட்ஃபோனில் இருந்திருப்பேன்.

“இரு” என்று மச்சான் தன் கைப்பேசியை எடுத்து ட்ரம்மருக்கு அடித்தான். சிங்கப்பூரிலும் அன்று விடுமுறைதான். ஒலிபெருக்கியில் போட்டான். மூன்று பேரும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தோம். மணி போய்க்கொண்டிருந்தது.